உல்ரிச் காப்ளர்: நீருக்கடியில் ஒரு பொறியாளரின் நெடும்பணி

தமிழ்நாட்டில் ஜெர்மன் கப்பல் என்றதும் நினைவுக்கு வருவது எம்டன்தான். 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி இரவு சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, எண்ணெய்த் தொட்டிகளின் மீது குண்டு வீசிவிட்டுப் போன கப்பல் அது. சென்னையைக் காலி செய்துகொண்டு சனங்கள் வெளியூருக்கு ஓடிய கதைகள் பல குடும்பங்களில் உண்டு. கெட்டிக்காரனையும் பொல்லாதவனையும் 'அவன் ஒரு எம்டன்' என்று சொல்லும் வழக்கும் அதிலிருந்து வந்ததுதான்.

சரியாக 72 ஆண்டுகள் கழித்து, 1986 செப்டம்பர் 22 அன்று, வட ஜெர்மனியின் கீல் துறைமுகத்தில் இன்னொரு ஜெர்மன் கப்பல் கடற்படைப் பணியில் சேர்ந்தது. இம்முறை அதில் ஏற்றப்பட்டது இந்தியக் கொடி. ஐ.என்.எஸ். சிஷுமார் என்ற அந்த நீர்மூழ்கிக் கப்பலைக் கட்டியது கீல் நகரின் ஹோவால்ட்ஸ்வெர்க்கே-டாய்ச்செ வெர்ஃப்ட் என்னும் தளம். நம் நாளிதழ்களுக்கு அது ஹெச்.டி.டபிள்யூ. கப்பலை வடிவமைத்தது வேறோர் அலுவலகம். லூபெக் என்ற பழைய வணிக நகரத்தில் இருந்த அந்த அலுவலகத்தை நிறுவியவர் உல்ரிச் காப்ளர்.

ராக்கெட் என்றால் வெர்னர் ஃபான் பிரவுன், டீசல் எந்திரம் என்றால் ருடால்ஃப் டீசல் என்று நமக்குச் சில ஜெர்மன் பெயர்கள் தெரியும். காப்ளரின் பெயர் அந்த வரிசையில் இல்லை. ஆனால் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் கிரேக்கம் முதல் கொரியா வரை பல நாட்டுக் கடற்படைகள் கடலுக்கடியில் சென்றது அவரும் அவருடைய சகாக்களும் வரைந்த படங்களை நம்பித்தான். மும்பையில் இந்தியா முதன்முதலாகக் கட்டிய நீர்மூழ்கிக் கப்பலும் அவற்றில் ஒன்று.

கப்பலுக்குள் ஒரு பொறியாளர்

காப்ளர் 1913ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி பெர்லினில் பிறந்தார். கப்பல் பொறியியல் பயின்று ஜெர்மன் கடற்படையில் பொறியாளர் அதிகாரியானார். இரண்டாம் உலகப் போரில், ரைன்ஹார்ட் சூரன் தலைமையில் அட்லாண்டிக்கில் இயங்கிய யூ-564 என்னும் நீர்மூழ்கியில் தலைமைப் பொறியாளராகப் பணியாற்றினார்.

நீர்மூழ்கியில் தலைமைப் பொறியாளரின் வேலை என்ன என்று தெரிந்தால்தான் காப்ளரின் பிற்கால வடிவமைப்புகள் புரியும். எந்திரங்களைப் பராமரிப்பது அதில் ஒரு பகுதிதான். கப்பலைத் தண்ணீருக்குள் சமன் செய்து நிறுத்துவதே அவருடைய முதல் கடமை. ஒரு நீர்மூழ்கி மூழ்கிய நிலையில் அசையாமல் நிற்க வேண்டுமானால், அதன் எடையும் அது விலக்கும் நீரின் எடையும் சமமாக இருக்க வேண்டும். நாம் பள்ளியில் படித்த ஆர்க்கிமிடீஸ் விதிதான். ஆனால் பள்ளிக்கூடக் கணக்கில் எடை மாறாது. கப்பலிலோ மாறிக்கொண்டே இருக்கும். டீசல் செலவாகச் செலவாக அந்த இடத்தைக் கடல்நீர் நிரப்பும். கடல்நீர் டீசலை விடக் கனமானது. ஒரு டார்பிடோவைச் செலுத்தினால் ஒரு டன்னுக்கு மேல் எடை சட்டென்று குறையும். மாலுமிகள் உண்ணும் உணவு, குடிக்கும் நீர் எல்லாம் கணக்கில் வரும்.

கடலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பால்டிக் கடலில் உப்புக் குறைவு, அட்லாண்டிக்கில் அதிகம். நம் வங்காள விரிகுடாவின் வடபகுதியில், கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்து கொட்டும் நன்னீரால் மழைக்காலத்துக்குப் பிறகு மேல்மட்ட நீரின் அடர்த்தி குறைந்துவிடும். மூழ்கிய நிலையில் 1,850 டன் உள்ள சிஷுமார் போன்ற ஒரு கப்பல், அடர்த்தி ஒரு சதவீதம் குறைந்த நீருக்குள் நுழைந்தால், நின்ற இடத்திலேயே பதினெட்டரை டன் கனத்துப் போகும். உடனே அத்தனை நீரை வெளியேற்றாவிட்டால் கீழே இறங்கத் தொடங்கிவிடும். இந்தக் கணக்கை இருட்டிலும் புழுக்கத்திலும் எதிரியின் குண்டுகள் வெடிக்கும் அதிர்ச்சியிலும் போட்டுக்கொண்டே இருப்பவர் தலைமைப் பொறியாளர். வால்வு ஒன்று கைக்கு எட்டாத இடத்தில் இருந்தால் என்ன ஆகும் என்பது கரையில் உட்கார்ந்து வரைபவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

யூ-564 இன் முடிவு கொடுமையானது. 1943 ஜூன் 14 அன்று பிஸ்கே வளைகுடாவில் பிரிட்டிஷ் விமானம் ஒன்று அதை மூழ்கடித்தது. 28 பேர் இறந்தார்கள். காப்ளர் அப்போது அதில் இல்லை. மொத்தத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிகளில் பணியாற்றிய ஏறத்தாழ 40,000 பேரில் 30,000 பேர் திரும்பவில்லை.

இதைப் படித்து இரக்கப்படும்போது மறுபக்கத்தையும் மறக்கக்கூடாது. இந்த நீர்மூழ்கிகள் போரிட்டது ஹிட்லரின் அரசுக்காக. இவை மூழ்கடித்த வணிகக் கப்பல்களின் அடுப்பறைகளில் கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர்களில் 'லஸ்கர்' என்று அழைக்கப்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் ஏராளம். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் அந்தப் போரில் மாண்டார்கள். பிரேமன் நகருக்கு அருகே நீர்மூழ்கிகளைக் கட்டுவதற்கென்று எழுப்பப்பட்ட 'வாலன்டின்' என்ற கான்கிரீட் கோட்டையின் வேலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளும் கட்டாயத் தொழிலாளர்களும் செத்தார்கள். ஜெர்மன் நீர்மூழ்கிப் பொறியியலின் பெருமையைப் பேசும் எவரும் இந்தக் கணக்கையும் சேர்த்தே பேச வேண்டும்.

தடைக்கு நடுவே தொடர்ந்த தொழில்

1945இல் ஜெர்மனி சரணடைந்தது. மிஞ்சிய நீர்மூழ்கிகள் நேச நாடுகளிடம் போயின. நீர்மூழ்கி கட்டுவது தடை செய்யப்பட்டது.

ஜெர்மனிக்கு இது இரண்டாவது முறை. முதல் உலகப் போருக்குப் பிறகு வெர்சாய் ஒப்பந்தமும் இதே தடையை விதித்திருந்தது. அப்போது ஜெர்மன் கப்பல் தளங்கள் 1922இல் நெதர்லாந்தில் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தைத் திறந்தன. க்ருப் நிறுவனத்தின் நீர்மூழ்கிகளை வரைந்த ஹன்ஸ் டெக்கெல் அதற்குப் பொறுப்பேற்றார். பின்லாந்து, ஸ்பெயின், துருக்கி ஆகிய நாடுகளுக்காக வரைகிறோம் என்ற பெயரில் ஜெர்மானியப் பொறியாளர்கள் தங்கள் கையை மறந்துபோகாமல் பார்த்துக்கொண்டார்கள். 1935இல் ஹிட்லர் மீண்டும் நீர்மூழ்கிப் படையைத் தொடங்கியபோது படங்கள் தயாராக இருந்தன. தடையைக் கடந்து காக்கப்பட்ட ஒரு தொழில்நுட்பம் யார் கைக்குப் போய்ச் சேரும் என்பதற்கு அது ஒரு பாடம்.

காப்ளர் 1946இல் லூபெக்கில் ஒரு பொறியியல் அலுவலகம் தொடங்கினார். 'இன்ஜெனியர்கோன்டோர் லூபெக்', சுருக்கமாக ஐ.கே.எல். நகரங்கள் இடிந்து கிடந்த காலம். நீர்மூழ்கி வரையச் சொல்லி யாரும் வரப் போவதில்லை. கிடைத்த பொறியியல் வேலைகளைச் செய்துகொண்டு அந்தச் சிறு குழு காலம் தள்ளியது.

பத்தாண்டுகளில் உலக அரசியல் மாறியது. சோவியத் யூனியனுக்கு எதிராக மேற்கு ஜெர்மனி 1955இல் நேட்டோவில் சேர்ந்தது. பால்டிக் கடலைக் காக்க அதற்குச் சிறு நீர்மூழ்கிகள் வேண்டியிருந்தன. ஒவ்வொன்றும் 350 டன்னுக்கு மேல் போகக் கூடாது என்று நிபந்தனை விதித்து அனுமதி கொடுத்தார்கள். அந்த வேலை லூபெக்குக்கு வந்தது.

நிபந்தனையே ஆசிரியராயிற்று

350 டன் என்பது மிகச் சிறிய அளவு. போர்க்காலத்தில் அட்லாண்டிக்குக்குச் சென்ற கப்பல்கள் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்தச் சிறு உடலுக்குள் எந்திரம், மின்கலம், டார்பிடோ, மனிதர்கள் அனைத்தையும் அடக்க வேண்டும். குறுகிய வீட்டில் குடித்தனம் நடத்துபவர்களுக்குச் சாமான்களை ஒழுங்காக வைக்கத் தெரிந்திருக்கும். காப்ளரின் குழுவுக்கு அந்தத் திறமை இப்படித்தான் வாய்த்தது.

முதல் முயற்சி தோல்வி. பால்டிக் கடல் ஆழம் குறைந்தது, காந்தக் கண்ணிவெடிகளுக்கு வசதியானது. ஆகவே புதிய கப்பல்களைக் காந்தத்தால் ஈர்க்கப்படாத ஒரு வகை எஃகில் கட்டினார்கள். 1962இல் பணியில் சேர்ந்த 'வகை 201' கப்பல்களின் உடலில் விரைவிலேயே அரிப்பும் மெல்லிய வெடிப்புகளும் தென்பட்டன. 1963இல் முதலிரண்டு கப்பல்களை விலக்கிக்கொள்ள நேர்ந்தது. அழுத்தம் தாங்க வேண்டிய உடலில் வெடிப்பு என்றால் வேறு வழியில்லை. வேறு எஃகைத் தேடி, 'வகை 205', பிறகு 'வகை 206' என்று படிப்படியாகத் திருத்திக்கொண்டே போனார்கள். 206 வகையில் 18 கப்பல்கள் கட்டப்பட்டு, பல பத்தாண்டுகள் நன்றாக உழைத்தன.

இதே காலத்தில் நார்வே 15 சிறு நீர்மூழ்கிகளை வாங்கியது. 1964 முதல் 1967 வரை அவை கட்டப்பட்ட ஊரின் பெயரைக் கேட்டால் தமிழர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். எம்டன்! நம்மூர் மேல் குண்டு வீசிய கப்பலுக்கு அந்தத் துறைமுக நகரத்தின் பெயரைத்தான் சூட்டியிருந்தார்கள். ஜெர்மானியர் தாக்கி ஆக்கிரமித்த நார்வே, இருபது ஆண்டுகளில் ஜெர்மனியிடமே நீர்மூழ்கி வாங்கியது என்பதையும் கவனிக்க வேண்டும்.

1962இல் காப்ளரின் பெயரிலேயே லூபெக்கில் ஓர் எந்திர நிறுவனமும் தொடங்கப்பட்டது. நீர்மூழ்கியின் மேலே உயர்ந்து தாழும் மூச்சுக்குழாய், கம்பம் போன்றவற்றைச் செய்யும் நிறுவனம் அது. நீர்மூழ்கி வடிவமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் பல பதிப்புகள் கண்டது. ரகசியமே தொழிலாக உள்ள ஒரு துறையில், அடிப்படைகளைப் பாடநூலாக எழுதி வைத்தவர்கள் மிகச் சிலரே.

ஹை என்ற கப்பலும் ஓர் உருண்டையும்

1966 செப்டம்பர் 14 அன்று வட கடலில் புயல். ஜெர்மன் கடற்படையின் பயிற்சி நீர்மூழ்கியான 'ஹை' கடலின் மேல்மட்டத்தில் சென்றுகொண்டிருந்தபோது உள்ளே நீர் புகுந்து மூழ்கியது. போர்க்காலத்தில் மூழ்கிக் கிடந்ததைத் தூக்கியெடுத்துச் சீர்செய்து, 1957இல் மீண்டும் பணியில் சேர்த்த சிறு கப்பல் அது. உள்ளே இருந்த 20 பேரில் உயிர் பிழைத்தவர் ஒருவர். போரே இல்லாத காலத்தில், சொந்த நாட்டுக்குப் பக்கத்துக் கடலில் நடந்த இந்த விபத்து ஜெர்மனியை உலுக்கியது.

நீர்மூழ்கி வடிவமைப்பாளர்களை விடாமல் துரத்தும் கேள்வி இதுதான்: கப்பல் எழ முடியாமல் போய்விட்டால் உள்ளே இருப்பவர்கள் எப்படி வெளியே வருவது? அன்று இருந்த வழி, ஒவ்வொருவராக ஒரு சிறு அறைக்குள் நுழைந்து, அதை நீரால் நிரப்பி, வெளியே நீந்தி மேலேறுவது. ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்துக்கும் ஒரு சதுர மீட்டரின் மேல் ஏறக்குறைய பத்து டன் அழுத்தம் கூடுகிறது. நூறு மீட்டரில் நூறு டன். மேலே வரும் வேகத்தில் நுரையீரல் கிழிந்துவிடலாம். வட கடலின் குளிர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

காப்ளரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் மீட்புக் கோளம் இதற்கு ஒரு மறுமொழி. கப்பலின் நடுவே, உடலோடு பொருத்தி, ஓர் எஃகு உருண்டை. ஆபத்து வந்தால் கப்பலில் உள்ள அத்தனை பேரும் அதற்குள் புகுந்து கதவை மூடிக்கொள்ள வேண்டும். உள்ளிருந்தே பூட்டுகளை விடுவித்தால் உருண்டை தன் மிதப்பாற்றலால் தனியே கழன்று மேலே வந்துவிடும். உள்ளே காற்றழுத்தம் நாம் தரையில் சுவாசிக்கும் அழுத்தமேதான். யாரும் நனைய வேண்டியதில்லை.

உருண்டையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒரே ஆரமும் ஒரே தடிமனும் உள்ள உருளையையும் உருண்டையையும் ஒப்பிட்டால், வெளியழுத்தத்தால் உருண்டையின் சுவரில் ஏற்படும் தகைவு, உருளையின் சுற்றுத் தகைவில் பாதிதான். குறைந்த எடையில் அதிக வலிமை. இருந்தாலும் இதை எல்லாக் கப்பலிலும் வைக்க முடியாது. நாற்பது பேர் நெருக்கியடித்து உட்காரும் உருண்டைக்கு இடமும் எடையும் தேவை. அந்த இடத்தில் கூடுதல் மின்கலமோ எரிபொருளோ வைக்கலாம் என்றுதான் பெரும்பாலான கடற்படைகள் கணக்குப் போட்டன.

209: தன் நாட்டுக்கு வராத கப்பல்

1960களின் இறுதியில் லூபெக் அலுவலகம் வரைந்த 'வகை 209' தான் காப்ளரின் பெயரை நிலைநிறுத்தியது. சிறு கப்பல்களில் கற்ற பாடங்களைக் கொஞ்சம் பெரிய உடலில் பயன்படுத்தினார்கள். ஒற்றை உடல், ஒரே ஒரு பெரிய, மெதுவாகச் சுழலும் சுழல்விசிறி, கப்பலின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மின்கலங்கள். மின்கலம் பெரிதானால் நீருக்கடியில் அதிக நேரம் இருக்கலாம். மூச்சுக்குழாயை வெளியே நீட்டி டீசல் எந்திரத்தை ஓட்டும் நேரம் குறையும். நீர்மூழ்கி கண்ணில் படுவதும் காதில் விழுவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

கிரேக்கம் 1967இல் முதலில் ஆணை கொடுத்தது. 1971இல் முதல் கப்பல் பணியில் சேர்ந்தது. பிறகு அர்ஜென்டினா, பெரு, கொலம்பியா, துருக்கி, வெனிசுலா, ஈக்வடார், இந்தோனேஷியா, சிலி, பிரேசில், தென் கொரியா என்று வரிசை நீண்டது. மொத்தம் 60க்கும் மேற்பட்ட கப்பல்கள் கட்டப்பட்டன. விந்தை என்னவென்றால், ஜெர்மன் கடற்படை இந்த வகையில் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. பால்டிக்குக்கு அதன் சிறு கப்பல்களே போதும். 209 முழுக்க முழுக்க வெளிநாட்டுக்காகவே வரையப்பட்ட கப்பல்.

1982 ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினாவின் சான் லூயிஸ் என்ற 209 வகைக் கப்பல், தன் டார்பிடோக்கள் பழுதாகி எதையும் தாக்க முடியாத நிலையிலும், பிரிட்டிஷ் கடற்படையைத் தவியாய்த் தவிக்க வைத்தது. அதைத் தேடி ஏராளமான குண்டுகளை வீணடித்தும் பிரிட்டிஷாரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கீலிலிருந்து மும்பைக்கு

இந்தியா 1967 டிசம்பரில் சோவியத் யூனியனிடமிருந்து வாங்கிய கல்வாரியோடு தன் நீர்மூழ்கிப் படையைத் தொடங்கியது. அதன்பின் வந்தவையும் சோவியத் கப்பல்களே. வாங்கிக்கொண்டே இருந்தால் கட்டக் கற்றுக்கொள்வது எப்போது என்ற கேள்வி எழுந்தது. 1981 டிசம்பர் 11 அன்று ஹெச்.டி.டபிள்யூ.வுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு கப்பல்கள் கீலில். இரண்டு மும்பை மசகான் டாக் தளத்தில், ஜெர்மானியர் தரும் பாகங்களையும் படங்களையும் கொண்டு. விரும்பினால் மேலும் இரண்டு. கீல் நமக்கு முற்றிலும் அந்நியமான ஊரும் அல்ல. 1943 பிப்ரவரியில் நேதாஜி யூ-180 நீர்மூழ்கியில் ஏறிக் கிழக்கு நோக்கிப் புறப்பட்டது அங்கிருந்துதான்.

இந்தியாவுக்கான வடிவம் மற்ற 209களை விடப் பெரியது. நீளம் 64.4 மீட்டர், 40 பேர் கொண்ட குழு. முக்கியமான வேறுபாடு, நடுவே அந்த மீட்புக் கோளம். 209 குடும்பத்தில் இதைக் கேட்டு வாங்கியது இந்தியா மட்டுமே. மனித உயிருக்கு மலிவான விலை போடும் நாடு என்று நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வதுண்டு. இந்த ஒரு விஷயத்தில், நாற்பது பேரின் உயிருக்காகக் கப்பலின் நடுவே இடம் ஒதுக்கச் சொன்னது நம் கடற்படை.

சிஷுமாரும் சங்குஷும் 1986இல் கீலில் பணியில் சேர்ந்தன. மசகான் டாக்கில் கட்டப்பட்ட சால்கி 1992 பிப்ரவரி 7 அன்றும், சங்குல் 1994 மே மாதத்திலும் சேர்ந்தன. சால்கிதான் இந்திய மண்ணில் கட்டப்பட்ட முதல் நீர்மூழ்கி. மூழ்கியிருக்கும் கப்பல்களுக்குக் கரையிலிருந்து செய்தி அனுப்பச் சாதாரண வானொலி அலைகள் பயன்படாது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அலைகளே கடல்நீருக்குள் சில மீட்டர்கள் புகும். அதற்கான நிலையம் 1990இல் நம் திருநெல்வேலி மாவட்டத்தில், விஜயநாராயணம் அருகே அமைந்தது. பெயர் ஐ.என்.எஸ். கட்டபொம்மன். லூபெக்கில் வரையப்பட்டு மும்பையில் கட்டப்பட்ட கப்பலுக்கு நெல்லைச் சீமையிலிருந்து கட்டளை போயிற்று.

அறுந்த நூல்

கப்பல் நன்றாக வந்தது. ஒப்பந்தம் நாறியது. 1987இன் தொடக்கத்தில், இந்த விற்பனையில் ஏழு சதவீதம் தரகு கொடுக்கப்பட்டதாக பான் நகரிலிருந்த இந்தியத் தூதர் டில்லிக்குத் தகவல் அனுப்பினார். பாதுகாப்பு அமைச்சர் வி.பி.சிங் விசாரணைக்கு உத்தரவிட்டார். ஏப்ரல் 12 அன்று பதவி விலகினார். நான்கே நாளில் போஃபர்ஸ் செய்தி வெடித்தது. பிறகு நடந்தது அரசியல் வரலாறு. மீதி இரண்டு கப்பல்கள் கட்டப்படவே இல்லை.

ஏறக்குறைய இதே நேரத்தில் ஜெர்மனியிலும் ஒரு புயல். நிறவெறி அரசு நடந்த தென்னாப்பிரிக்காவுக்கு நீர்மூழ்கிப் படங்களை ஹெச்.டி.டபிள்யூ.வும் ஐ.கே.எல்.லும் விற்றது 1986இல் வெளியே வந்து, ஜெர்மன் நாடாளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. 1977 முதல் ஐக்கிய நாடுகள் சபையின் ஆயுதத் தடை அமலில் இருந்த நாடு அது. தென்னாப்பிரிக்காவோடு வணிக உறவை 1946இலேயே முறித்துக்கொண்ட இந்தியா, அதே நிறுவனங்களிடம் கப்பல் வாங்கிக்கொண்டிருந்தது.

இந்த இரண்டு ஊழல்களிலும் விசாரணை தேவைதான். நான் சொல்ல வருவது வேறு. சங்குல் சேர்ந்த 1994க்குப் பிறகு மும்பையில் கட்டப்பட்ட அடுத்த நீர்மூழ்கி, பிரெஞ்சு வடிவமைப்பிலான புதிய கல்வாரி, பணியில் சேர்ந்தது 2017 டிசம்பர் 14. இடைவெளி 23 ஆண்டுகள். நீர்மூழ்கி உடலைப் பற்றவைப்பவரின் கை ஒரு நாளில் பழகுவதல்ல. வளையத்தோடு வளையத்தை இணைக்கும்போது சில மில்லிமீட்டர் பிசகினாலும் ஆழத்தில் உடல் நசுங்கும். கீலுக்குப் போய்க் கற்று வந்த பொறியாளர்களும் தொழிலாளர்களும் அடுத்த கப்பல் வராமல் வேறு வேலைக்குப் போனார்கள், ஓய்வு பெற்றார்கள். புதிய கல்வாரிக்கு எல்லாவற்றையும் பெருமளவு மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்தது.

மென்பொருள் எழுதிப் பிழைக்கும் என் போன்றவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு பெரிய நிரலை எழுதிய குழு கலைந்துபோனால், ஆவணங்கள் அலமாரி நிறைய இருந்தாலும், 'இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது' என்று சொல்ல ஆள் இருக்காது. படம் 'எப்படி' என்பதைச் சொல்லும். 'ஏன்' என்பது மனிதர்களிடம்தான் தங்கும். இதைக் காப்ளரின் வாழ்க்கையோடு வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். தோற்றுத் தரைமட்டமான நாடு, சட்டப்படி தடை செய்யப்பட்ட தொழில், ஒரு டஜன் ஆண்டுகளுக்கு வாடிக்கையாளரே இல்லை. அப்படியிருந்தும் ஒரு சிறு அலுவலகம் கலையாமல் நின்றதால் நூல் அறவில்லை. நமக்கோ தளமும் இருந்தது, தடையும் இல்லை, தேவையும் இருந்தது. நூலை நாமே அறுத்துக்கொண்டோம். தவறு செய்தவர்களைத் தண்டிப்பதும், கற்ற கைகளுக்கு வேலை கொடுப்பதும் ஒரே நேரத்தில் நடந்திருக்கக் கூடியவை. நாம் முதலாவதைச் சரியாகச் செய்யவில்லை. இரண்டாவதைச் செய்யவே இல்லை.

மீந்திருப்பது

காப்ளர் 1994இல் லூபெக்கில் காலமானார். அவருடைய ஐ.கே.எல். பின்னர் ஹெச்.டி.டபிள்யூ.வோடு இணைந்தது. அந்தத் தளம் இன்று டி.கே.எம்.எஸ். என்ற நிறுவனமாக இருக்கிறது. சிஷுமார் வகைக் கப்பல்கள் முதுமையிலும் உழைக்கின்றன. 2023 ஜூனில் சங்குஷின் ஆயுளை நீட்டிக்கும் பணிக்காக மசகான் டாக்குடன் 2,725 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போடப்பட்டது. அடுத்த ஆறு நீர்மூழ்கிகளுக்காக, மசகான் டாக்கும் டி.கே.எம்.எஸ்.ஸும் சேர்ந்து தந்த திட்டத்தின் மீது பேச்சு நடத்த 2025இல் அரசு அனுமதி கொடுத்தது. சுற்றிச் சுற்றிப் பழைய வாசலுக்கே வந்திருக்கிறோம். இம்முறையாவது கற்பவர்கள் கலையாமல் இருக்க வேண்டும்.

2021 ஏப்ரல் 21 அன்று இந்தோனேஷியாவின் கே.ஆர்.ஐ. நங்காலா பாலித் தீவுக்கு வடக்கே 53 பேருடன் மூழ்கியது. அதுவும் கீலில் கட்டப்பட்ட 209 வகைக் கப்பல்தான். சிஷுமாருக்கு ஐந்து வயது மூத்தது. சிங்கப்பூர், மலேசியா, இந்தியா, ஆஸ்திரேலியா என்று பல நாடுகள் உதவிக்கு விரைந்தன. 800 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் உடைந்த துண்டுகளாகத்தான் அதைக் கண்டார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. அதில் மீட்புக் கோளம் கிடையாது. இருந்திருந்தாலும், கப்பல் நசுங்கும் ஆழத்துக்கு இறங்குவதற்குள் அத்தனை பேரும் அதற்குள் போய்க் கதவை மூடியிருக்க வேண்டும். எந்தக் கருவியும் எல்லா விபத்துக்கும் மருந்தாகாது.

இந்தியக் கப்பல்களில் உள்ள நான்கு கோளங்களும் இதுவரை ஓர் உண்மையான ஆபத்தில் பயன்படுத்தப்பட்டதில்லை. பல பத்தாண்டுகளாக நான்கு கப்பல்களின் நடுவே இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா இருக்கின்றன. ஒரு பொறியாளரின் படைப்புக்கு இதைவிட நல்ல முடிவு வேண்டியதில்லை. அவை கடைசிவரை அப்படியே சும்மா இருக்கட்டும்.